பயிற்றுவிப்பாளர் கழகம் மாறும்போது

கண்டியில் ஒரு பருவகாலம் முடிந்து அடுத்தது தொடங்குமுன், யாரோ ஒரு பயிற்றுவிப்பாளர் ஒரு கழகத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகிறார் என்ற பேச்சு எழாத வருடம் குறைவு. உதைபந்தாட்டமோ றக்பியோ, போகிறவரின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். சின்ன வயதில் இந்த ஊர் மைதானங்களில் ஆடியவர். முழங்கால் இனி முடியாது என்றதும் விசிலைக் கையில் எடுத்தவர். நாலைந்து வருடம் பொடியன்களோடு மழையிலும் பனியிலும் நின்று ஓர் அணியை உருவாக்கியவர். அவர் போகிறார் என்றதும் தேநீர்க் கடையிலும் பஸ் தரிப்பிடத்திலும் முதலில் கிளம்புவது கோபம். வளர்த்த கழகத்தை விட்டுவிட்டார், எதிரிக்குக் கைகொடுத்துவிட்டார் என்பார்கள். 1815இல் பிரதானிகள் பக்கம் மாறியதால் அரசை இழந்த ஊர் இது. பக்கம் மாறுவது என்ற பேச்சே இங்கே இன்றும் காதில் உறைக்கும்.

அந்தக் கோபத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. கழகத்தின் மேல் அன்பு இல்லாதவனுக்குக் கோபம் வராது. ஆனால் அது போய்ச் சேரும் முகவரி பிழை. போகிறவரிடம் கேட்க வேண்டியதைவிட, இருக்கிற கழகத்திடம் கேட்க வேண்டியது அதிகம். இத்தனை வருடம் அவர் சொல்லிக்கொடுத்ததில் எதை நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கல்கத்தா ஞாபகம் வரும். பயிற்றுவிப்பாளர் ஒருவர் எதிர்க் கழகத்துக்குப் போனதை ஒரு மாநகரமே தன் சொந்தக் குடும்ப விவகாரம்போல எடுத்துக்கொண்டது அங்கேதான். அவர் பிரதீப் குமார் பானர்ஜி, எல்லாருக்கும் பி.கே. 1936இல் ஜல்பைகுரிப் பக்கம் மொய்னாகுரியில் பிறந்தவர். 1955 டிசம்பரில் டாக்காவில் நடந்த நான்கு நாட்டுப் போட்டியில் இந்தியாவுக்காக முதன்முதல் ஆடினார். அந்த நாலில் இலங்கையும் ஒன்று. 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றபோது வலது ஓரத்தில் பறந்தவர் அவர். 1960 ரோமில் அணித் தலைவர். பிரான்ஸுடனான 1-1 ஆட்டத்தில் இந்தியாவின் கோல் அவருடையது. 1962இல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்று ஆசிய விளையாட்டுத் தங்கத்தை எடுத்த அணிக்கு முதல் கோலும் அவர் போட்டதுதான்.

இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் கல்கத்தாவின் மூன்று பெரும் கழகங்களான மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஒன்றிலும் ஆடவில்லை. ஈஸ்டர்ன் ரயில்வே அவருக்கு வேலை கொடுத்தது. கடைசிவரை அந்த அணிக்கே ஆடினார். 1958இல் அந்த ரயில்வே அணி மூன்று பெரியவர்களையும் தாண்டிக் கல்கத்தா லீக்கை வென்றது. மூன்றுக்கும் வெளியே இன்னோர் அணி அந்த லீக்கை வெல்ல 2019இல் பியர்லெஸ் வரவேண்டியிருந்தது. இடையில் 61 வருடம்.

ஆட்டக்காரராக ஓரிடத்திலேயே இருந்த மனிதர், பயிற்றுவிப்பாளர் ஆனபின் இடம் மாறினார். மனம் மாறியதால் வந்ததென்று நான் நினைக்கவில்லை. ரயில்வே ஆட்டக்காரனுக்கு உத்தியோகம் உண்டு, ஓய்வூதியம் உண்டு. கழகப் பயிற்றுவிப்பாளருக்கு அடுத்த தோல்விவரைதான் கதிரை. நம் நாட்டில் தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளுக்குப் பொடியன்கள் ஏன் போகிறார்கள் என்று கேட்டாலும் இதே பதில்தான் வரும். மாதச் சம்பளம் இருக்கிற இடத்தில் கால் ஊன்றும்.

பி.கே. 1969இல் ஜப்பானில் டெட்மார் கிராமரிடம் ஃபிஃபாவின் பயிற்றுவிப்பாளர் பாடநெறியைப் படித்தார். 1970 பாங்கொக் ஆசிய விளையாட்டில் ஜி.எம்.எச். பாஷாவோடு சேர்ந்து இந்திய அணியை வெண்கலம்வரை கொண்டுபோனார். 1972இல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். அது எப்படிப்பட்ட நேரம் என்று பாருங்கள். அந்தக் கழகம் 1920இல் தொடங்கப்பட்டது. பிரிவினையில் வீடு வாசல் விட்டு வந்த கிழக்கு வங்காளத்து மக்கள் அதைத் தங்கள் ஊராகவே நினைத்தார்கள். 1971 போரில் மறுபடியும் இலட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எதிரில் 1889இல் தோன்றிய மோகன் பகான். 1911இல் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலப் படைப்பிரிவு அணியை வென்று ஐ.எப்.ஏ. கேடயம் எடுத்த பெருமை அதற்கு. ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன் விலை ஏறும், மோகன் பகான் வென்றால் பெரிய இறால் விலை ஏறும் என்று அந்த ஊரில் சொல்வார்கள்.

1972 தொடக்கம் 1975 வரை நாலு வருடமும் ஈஸ்ட் பெங்கால் லீக்கையும் வென்றது, ஐ.எப்.ஏ. கேடயத்தையும் வென்றது. ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் பி.கே. பேசுவார். வங்காளத்துப் பத்திரிகைகள் அதற்கு ‘வோக்கல் டானிக்’ என்றே பெயர் வைத்துவிட்டன. ஒருவனிடம் அவன் தாயைப் பற்றிப் பேசுவார், இன்னொருவனைக் குத்திவிடுவார், மூன்றாமவனைக் கட்டிப்பிடிப்பார். யாருக்கு எது வேண்டும் என்று அறிந்து கொடுப்பதுதான் அதன் வித்தை. 1975 செப்டெம்பர் 30ஆம் திகதி கேடய இறுதிப் போட்டியில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5-0 என்று வென்றது. அந்தத் தோல்வி தாங்காமல் மோகன் பகான் ரசிகரான ஓர் இளைஞர் தன் உயிரையே மாய்த்துக்கொண்டார். ஒரு விளையாட்டு மனிதரை அவ்வளவு தூரம் கொண்டுபோகக்கூடாது. அந்த நகரம் அன்று எந்த நிலையில் இருந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஐந்து கோலுக்குப் பின்னால் நின்றவரையே அடுத்த வருடம் மோகன் பகான் அழைத்தது. அவரும் போனார்.

1976 லீக்கில் இரு கழகங்களும் மோதியபோது, ஆட்டம் தொடங்கிப் பதினேழாவது விநாடியில் மோகன் பகானின் முகமது அக்பர் கோல் போட்டார். ஆறு வருடம் தொடர்ந்து ஈஸ்ட் பெங்காலிடம் இருந்த லீக் அந்த வருடம் கை மாறியது. பி.கே. ஒரு கழகத்தின் பலத்தைத் தூக்கி இன்னொரு கழகத்தில் வைத்துவிட்டார் என்று சொல்லிக் கதையை இத்தோடு முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் 1977 என்ன சொல்கிறது? பி.கே. இல்லாத ஈஸ்ட் பெங்கால், அவர் இருந்த மோகன் பகானை லீக் ஆட்டத்தில் 2-0 என்று வென்றது. அந்த வருட லீக்கையும் எடுத்தது. அவர் போனதால் அந்தக் கழகம் விழுந்துவிடவில்லை. நாலு வருடத்தில் அவர் ஊட்டிய ஒழுங்கு அங்கேயே தங்கியிருந்தது.

அந்தத் தோல்விக்குப் பின் மோகன் பகான் ஆதரவாளர்கள் பி.கே.யை என்ன பாடு படுத்தியிருப்பார்கள் என்று நாம் ஊகிக்கலாம். ஆனால் செப்டெம்பர் 24ஆம் திகதி, மழையில் ஊறிய ஈடன் தோட்ட மைதானத்தில், பெலே ஆடிய நியூயோர்க் கொஸ்மோஸ் அணியோடு மோகன் பகான் 2-2 என்று சமநிலை கண்டது. ஹபீபும் சியாம் தாபாவும் கோல் போட்டார்கள். சில நாட்களில் கேடய இறுதிப் போட்டி வந்தது. எதிரில் ஈஸ்ட் பெங்கால். 1-0 வெற்றி, கோல் சியாம் தாபாவுடையது. 1975இன் ஐந்து கோல்களில் இரண்டை ஈஸ்ட் பெங்காலுக்காகப் போட்டவரும் இதே தாபாதான். றோவர்ஸ் கிண்ணமும் டூரண்ட் கிண்ணமும் அந்தப் பருவகாலத்திலேயே வந்து சேர்ந்தன.

பி.கே. பிறகு ஈஸ்ட் பெங்காலுக்கே திரும்பி வந்தார். 1997 ஜூலை 13ஆம் திகதி சோல்ட் லேக் அரங்கில் சம்மேளனக் கிண்ண அரையிறுதி. 1,31,781 பேர் வந்திருந்தார்கள். மோகன் பகானின் பயிற்றுவிப்பாளர் அமல் தத்தா. அவர் ஈஸ்ட் பெங்காலில் ஆடியவர், இரு கழகங்களுக்கும் பயிற்சி கொடுத்தவர். பி.கே.யின் ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டார். அன்று எதிரெதிரே உட்கார்ந்திருந்த இரண்டு மூத்தவர்களும் மாறி மாறி இரு வீட்டிலும் வாழ்ந்தவர்கள். அவர்களை வரவேற்றதற்காக எந்தக் கழகமும் கெட்டுப்போகவில்லை. இரண்டும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொண்டே வளர்ந்தன.

இதற்கு நேர் எதிரான வாழ்க்கை ஒன்றும் உண்டு. அது பி.கே.யின் குருவினுடையது. சையத் அப்துல் ரஹீம் தொழிலால் ஆசிரியர். 1950 தொடக்கம் ஹைதராபாத் சிட்டி பொலிஸ் அணியை வழிநடத்தினார். 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து தடவை றோவர்ஸ் கிண்ணம் அவர்களுடையது. மெல்பேர்ன், ரோம், ஜகார்த்தா என்று இந்திய அணியையும் அவர்தான் கொண்டுபோனார். கழகம் என்று வரும்போது அந்தப் பொலிஸ் அணியை அவர் விடவில்லை. 1963 ஜூன் 11ஆம் திகதி புற்றுநோயால் இறந்தார். அவருக்குப் பின் ஹைதராபாத்தின் ஒளி மெல்ல மங்கியது. அந்த ஊர்ப் பிள்ளைகள் கல்கத்தாவுக்குப் போய் ஆடினார்கள். மேலே சொன்ன அக்பரும் ஹபீபும் ஹைதராபாத்துச் சகோதரர்களே. விசுவாசம் என்ற அளவில் ரஹீமுக்கு மிஞ்சி ஒருவரில்லை. ஆனாலும் அந்த விசுவாசத்தால் மட்டும் அவர் ஊரின் உதைபந்தாட்டத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

ஒருவர் இருந்ததாலோ போனதாலோ மட்டும் கழகம் நிலைப்பதில்லை என்பதற்கு இங்கிலாந்திலும் ஒரு சாட்சி இருக்கிறது. ஹெர்பர்ட் சப்மன் பெரிதாகப் பெயர் எடுக்காத ஆட்டக்காரர். முகாமையாளராகத்தான் உலகம் அவரை அறிந்தது. ஹடர்ஸ்பீல்டுக்கு 1924இலும் 1925இலும் லீக் வெற்றி தேடிக்கொடுத்துவிட்டு ஆர்சனலுக்குப் போனார். அவர் போன அடுத்த வருடம், 1926இலும், லீக்கை ஹடர்ஸ்பீல்டுதான் வென்றது. ஆர்சனல் முதல் லீக் வெற்றிக்கு 1931 வரை காத்திருந்தது. விதைத்தவர் போனபிறகும் விளைந்தது, புதிதாக விதைத்த இடத்தில் பொறுமையாக முளைத்தது.

நம் நாட்டவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். இலங்கை அணியின் பின்கள வீரர் பக்கீர் அலி எண்பதுகளில் டாக்கா அபாஹனி கழகத்துக்கு ஆடப் போனார். ஆட்டம் முடிந்தபின் பங்களாதேஷிலேயே பல கழகங்களுக்குப் பயிற்றுவிப்பாளராக இருந்தார். பல வருடம் கழித்து இலங்கைத் தேசிய அணிக்குப் பொறுப்பேற்று, 2018 ஓகஸ்டில் அதே பங்களாதேஷ் மண்ணில், நீல்பமாரியில், அந்நாட்டு அணியை 1-0 என்று வென்றார். அவர் கற்றதில் பெரும்பகுதியை நாம் கொடுக்கவில்லை. வெளியே போய்க் கற்றதைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

இனி கண்டிக்கு வருகிறேன். எங்கள் ஊரில் முட்டைப் பந்துக்குத்தான் முதல் மரியாதை. கண்டி விளையாட்டுக் கழகம் 1874இல் வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாரின் காலத்தில் தோன்றியது. 1904 முதல் 1924 வரை திரித்துவக் கல்லூரியின் அதிபராக இருந்த ஏ.ஜி. பிரேசரின் காலத்தில், 1906இல், றக்பி அந்தக் கல்லூரிக்குள் வந்தது. றோயல் கல்லூரியோடு மோதும் பிராட்பி கேடயம் 1945 தொடக்கம் இன்றுவரை இந்த ஊரையே ஒரு நாள் முழுக்க நிறுத்திவைக்கிறது. மலைநாட்டில் திம்புள, டிக்கோயா, ஊவா என்று துரைமாருக்குத் தனித்தனிக் கழகங்கள் இருந்தன. சுதந்திரத்துக்குப் பின் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறினார்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களோடு தோட்டங்கள் அரசிடம் போயின. அந்தக் கழகங்களின் பழைய பலமும் அவர்களோடு கப்பல் ஏறியது. கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகள் அந்த மைதானங்களின் ஓரத்தில் நின்று பார்த்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிட்டுக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆட்களை மட்டும் நம்பி நின்ற கழகத்தின் கதி அதுதான்.

கண்டிக் கழகத்தின் மைதானமான நித்தவெலவில் வேறு கதை. கண்டிக் கழகம் ஊர்ப் பிள்ளைகளிடம் கைமாறியது. கண்டிப் பாடசாலைகளிலிருந்து ஆள் எடுத்தது. 1990களுக்குப் பின் நாட்டின் முதல் றக்பி அணியாக நின்றது. கிங்ஸ்வூட் கல்லூரியில் ஆடிய பாசில் மரிஜா அந்தக் கழகத்துக்கு ஆடி, அதன் தலைவராகி, இலங்கைக்கும் தலைமை தாங்கி, பிறகு அதே கழகத்தின் தலைமைப் பயிற்றுவிப்பாளராகவும் வந்தார். உள்ளே வளர்ந்தவர் உள்ளேயே பொறுப்பேற்க ஓர் ஏணி அங்கே இருந்தது. பணமும் பின்னால் இருந்தது என்பது உண்மை. பணம் மட்டும் இருந்திருந்தால் அந்த ஏணி வந்திருக்காது என்பதும் உண்மை.

உதைபந்தாட்டக்காரருக்கு அப்படியொரு ஏணி இந்த மாவட்டத்தில் இல்லை. பொகம்பரை மைதானத்திலும், தோட்டத்து வெட்டவெளிகளிலும், பாடசாலை மைதானத்தின் ஒரு மூலையிலும் ஆட்டம் நடக்கிறது. கெட்டிக்காரப் பொடியன் கொழும்புக் கழகத்துக்கோ படை அணிக்கோ போய்விடுவான். பயிற்றுவிப்பாளரும் ஒரு நாள் போவார்.

அப்படியான ஒருவரின் கொப்பியை நான் பார்த்திருக்கிறேன். பாடசாலைப் பிள்ளைகள் பாவிக்கிற சாதாரண சீ.ஆர். கொப்பி, மேல் அட்டை மழையில் நனைந்து ஊதிப்போயிருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பொடியனின் பெயர், பிறந்த திகதி. அதற்குக் கீழே: இடது கால் மட்டும், தலையால் அடிக்கப் பயம், புசல்லாவையிலிருந்து வருகிறான், கடைசி பஸ் ஆறு மணிக்கு, வலது கணுக்கால் வீக்கம், இரண்டு கிழமை ஓடவிடக்கூடாது, அம்மா மத்திய கிழக்கில், அப்பம்மாவிடம் பேச வேண்டும். சில பெயர்களுக்கு எதிரே பஸ் காசு என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அந்தக் காசு அவருடைய சட்டைப் பையிலிருந்து போனது. பிறகு அவர் வேறு கழகத்துக்குப் போனார், கொப்பியும் அவரோடு போனது. புதிதாக வந்தவர் அந்த வலது கணுக்காலைப் பற்றி எதுவும் அறியாமல் பொடியனை முதல் நாளே ஓடவிட்டார்.

இதில் போனவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொப்பியை அவர் தன் காசில் வாங்கினார், தன் நேரத்தில் எழுதினார். கழகம் அதை ஒரு தடவையாவது கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். பாடசாலையென்றால் பழைய மாணவர் சங்கம் தருவதைத் தரும். கழகமென்றால் பருவகாலத்துக்கு ஒரு தொகை, அதுவும் பல தவணையில். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலை நாலரைக்கு மைதானத்துக்கு வருகிற மனிதரிடம், வேறு கழகம் கூடக் கொடுக்கும்போது போகாதே என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? மேலே இருக்கிற நிர்வாகமும் நிலையில்லை. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது, ஓகஸ்ட் வரை தடை நீங்கவில்லை. அந்த மாதங்களிலும் நாலரைக்கு மைதானத்துக்கு வந்துகொண்டிருந்தவர்கள் இவர்கள்தான்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் இல்லை. பயிற்றுவிப்பாளரோடு எழுத்தில் ஓர் ஒப்பந்தம், பருவகாலத்தின் நடுவில் இல்லாமல் முடிவில் முடிகிற ஒப்பந்தம். பொடியன்களின் விபரம் கழகத்தின் பதிவேட்டில், அதை எழுதுகிறவருக்கு அதற்கும் சேர்த்துச் சம்பளம். ஆட்டத்தை விடும் வயதில் இருக்கிற ஒருவரை, தலைமைப் பயிற்றுவிப்பாளர் இருக்கும்போதே அவருக்குப் பக்கத்தில் நிறுத்தி, சம்மேளனத்தின் பாடநெறிக்கு அனுப்பி, இரண்டு வருடம் பழக்குவது. போகிறவர் போவதற்கு முன் புதிதாக வருகிறவரோடு ஒரு கிழமையாவது ஒரே மைதானத்தில் நிற்பது. கழகங்களின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கிறார்கள், கிண்ணங்களின் பட்டியலையும் வாசிக்கிறார்கள். இந்த வருடம் அதோடு அந்தப் பதிவேட்டையும் மேசையில் வைக்கும்படி அங்கத்தவர்கள் கேட்க வேண்டும். இல்லையென்று செயலாளர் சொன்னால், தொடங்குகிற திகதியைக் குறிப்பேட்டில் எழுதாமல் கூட்டத்தைக் கலைக்க விடக்கூடாது.